பின் கண்ணாடியில ஒட்டுன பேரு

ஹலோ... ஹலோ, லேப்புங்களா?... யாரு, கிறிஸ்டினாவா? கிறிஸ்டினா, நான் புகழேந்தி பேசறேன். வெச்சிடாத, வெச்சிடாத... இல்லம்மா, சண்ட போட பண்ணல. ஒரு டெக்னிகல் டவுட்டு... ஆமா, ஞாயித்துக்கெழமதான். ஷூ ஷிப்மென்ட்டுக்காக நம்ம கம்பெனி லேப்பு இன்னிக்கும் ஓடுதுன்னு செக்யூரிட்டி சொன்னாரு, அதான் லேண்ட்லைனுக்குப் போட்டேன்... முத்துமாரி மேடம் இருக்காங்களா?...

செல்லுக்கா? செல்லுல என்னை பிளாக் பண்ணி மூணு மாசம் ஆவுது. எப்படி பிளாக் பண்றதுன்னு நீதான் பக்கத்துல ஒக்காந்து சொல்லிக் குடுத்தியாமே... சரி சரி, குத்தமா சொல்லல. நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்க. அப்புறம் ஒரு கால் கூட போவல...

இன்னா டவுட்டா? ஒட்டுனது வரமாட்டேங்குது... ஷூ இல்ல, கார் கண்ணாடி... சிரிக்காத கிறிஸ்டினா. பெரிய பேஜாரா இருக்குது இங்க. ஒரு நிமிஷம்னு சொல்லி போன அவங்க கிட்ட குடு. டெக்னிகல்னு சொல்லு, அப்பதான் வாங்குவாங்க.

...

ஹலோ... ஹலோ? லைன்ல இருக்கீங்களா?... வணக்கம் மேடம்... ம், நல்லாருக்கேன். நல்லா இல்ல. ஆனா அது டெக்னிகல் இல்ல, விடுங்க...

ஆமா, சொல்லிடறேன். ஸ்டிக்கர் மேடம். என் காரு பின் கண்ணாடியில, உள்பக்கமா ஒட்டுனது. எழுத்து ஸ்டிக்கர். கல்யாண வண்டியில மணமக்கள் பேரு ஒட்டுவாங்க இல்ல, அது... ஆமா, அந்த ரெண்டு பேருதான். வேற யாரு பேரு ஒட்டுவேன்...

தெரியும் மேடம், கல்யாணம் நடக்கல. ஸ்டிக்கர் மட்டும் நடந்துடுச்சி. ஊர்ல எல்லாரும் முகூர்த்தத்தன்னிக்கிக் காலையில ஒட்டுவான், சாயங்காலம் பிச்சிப் போடுவான். நான் நிச்சயம் முடிஞ்ச மறுநாளே போயி நின்னேன். பைபாஸ் ஓரமா ஸ்டிக்கர் வெட்டுற ரஃபி அகமது பாய் கூட கேட்டாரு, இன்னா தம்பி, கல்யாணத்துக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்குதே, அதுக்குள்ள இன்னா அவசரம்னு. பெரியவங்க சொன்னா கேக்கணும்...

உள்பக்கம் எதுக்குன்னா, மழ பட்டா போயிடுமாம். எப்படி யோசிச்சிருக்கேன் பாருங்க. மழைக்கி பயந்தேன், என் வாய்க்கி பயப்படல.

...

இத்தினி நாளா எடுக்காம இன்னா பண்ணேனா? கவர் போட்டு மூடி வெச்சிட்டேன். வேலைக்கி பைக்குலதான் போறேன். மூணு மாசமா அந்தக் கவரத் தொறக்கவே இல்ல. தெருவுல எல்லாரும் ஆக்சிடென்ட் வண்டின்னு நெனச்சிக்கினாங்க. அதுவும் ஒரு வகையில சரிதான்...

இன்னிக்கி எடுத்தாவணும் மேடம். ஒரு எடத்துக்குப் போறோம். திருப்பத்தூரு... கோயில் இல்ல... கல்யாணமும் இல்ல. பொண்ணு பாக்க.

...

ஹலோ?... இருக்கீங்களா?... நல்லதா? ம். நல்லதுதான். எல்லாரும் அதான் சொல்றாங்க...

எமகண்டத்துக்கு முன்னாடி அங்க போய் எறங்கணும்னு அம்மா ஒத்தக் கால்ல நிக்குது. பன்னெண்டு மணிக்குள்ள. இப்ப மணி ஒம்போதே முக்கா. ஒரு பொண்ணு வூட்டு வாசல்ல, இன்னொரு பொண்ணு பேரு போட்ட வண்டியில போய் எப்படி மேடம் எறங்கறது?...

எவ்ளோ வந்திருக்குதா? பாதி. என் பேரு முழுசா வந்துடுச்சி. நகத்தால சும்மா நிமிண்டுனேன், வெயில்ல காஞ்ச வடாமாட்டம் உதுந்துடுச்சி. அஞ்சு எழுத்தும் அஞ்சு நிமிஷம்... உங்க பேருதான். கல்லாட்டம் ஒக்காந்திருக்குது. வண்டிய இப்ப யாரு பாத்தாலும் முத்துமாரின்னு மட்டும்தான் தெரியும். இப்பதான் ஒரு அம்மா செருப்பக் கழட்டி வெச்சிட்டு, கன்னத்துல போட்டுக்கினு போறாங்க. எங்கம்மா கூட, விடுடா, சாமி பேருன்னு நெனச்சிப்பாங்கன்னுது. அது எந்த சாமின்னு எனக்குத் தெரியுமே...

சிரிச்சீங்களா? இல்லியா? சரி, இல்ல. லைன்ல ஏதோ சத்தம்.

...

எதப் போட்டு ஒட்டுனேன்னா... ஸ்டிக்கரோட பின்னாடி இருக்கற பசைதான், அதுல... இல்ல, மேல கொஞ்சம்... எப்படி கண்டுபுடிச்சீங்க? ஆமா. நம்ம கம்பெனி பி.யு. தான். சோல் ஒட்டுற பசையேதான். அந்த ‘மு’ இருக்குதே, ஒட்டுன மறுவாரமே வெயில்ல சுருண்டுக்கினுச்சி. அபசகுனமாப் பட்டுச்சி எனக்கு. பொண்ணு பேரு மொத எழுத்தே உரியுதேன்னு மனசு அடிச்சிக்கினுச்சி. ஒரு ஊறுகா பாட்டில்ல கொஞ்சம் ஊத்தியாந்து, உங்க பேரு முழுசும்... ஆமா, பசை இறுகறதுக்கு ஹார்டனர் கலந்தேன். கலக்காம இருப்பேனா, பதினோரு வருஷம் பசை போடற பேஸ்டிங் செக்‌ஷன்ல இருக்கறவன்...

எடுக்க இன்னா போட்டேனா? மொதல்ல தேங்கா எண்ண. அப்புறம் மண்ணெண்ண. அப்புறம் பழைய பிளேடு. அதுக்கும் அசையலன்னா... கிளீனர். ஆமா, பசை கரைக்கற கம்பெனி கிளீனர். அதே ஊறுகா பாட்டில்ல...

எங்கன்னா, காருக்குள்ளதான், பின் சீட்டுல மண்டி போட்டு... கதவு மூடித்தான் இருந்தது. தெருவுல தூசி... இல்ல, மயக்கம்லாம் இல்ல. கொஞ்சம் தல சுத்துது. அது விடியக்காலேர்ந்தே சுத்துது, பொண்ணு பாக்கப் போறதாலன்னு...

சரி, சரி. எறங்கிட்டேன். இருங்க, போன ஸ்பீக்கர்ல போடறேன்... நாலு கதவும் தொறந்துட்டேன். டிக்கியும். வெளியதான் நிக்கறேன், வேப்ப மரத்துக்குக் கீழ... திட்டுங்க. திட்டணும். அந்த டப்பா மேல இருக்கற எச்சரிக்கைய வாரா வாரம் லைன்ல ஆளுங்களுக்குப் படிச்சிக் காட்டுனவன் நான்தான். கடைசியில எவன் கேக்கலன்னு பாத்தா, படிச்சிக் காட்டுனவனே...

இன்னா சொன்ன? ‘உனக்கு அறிவிருக்கா’ன்னா?... இல்ல, அறிவு இல்ல, அது சரி. நீங்கன்னு ஆரம்பிச்ச, இப்ப உனக்குன்னு சொன்னியே, அதான்... சரி, சொல்லல. நான் ஒண்ணும் கேக்கல.

...

ஹேர் டிரையரா? இருக்குது. பக்கத்து வூட்டு அஃப்ஸர் ஜஹான் அக்கா பார்லர் வெச்சிருக்காங்க, காலையிலயே கேட்டு வாங்கி வெச்சேன். அவங்க கிட்ட காரு வரைக்கும் எட்டற நீள ஒயரும் இருக்குது... இப்பவே போடக் கூடாதா? ஏன்... பத்திக்குமா? அவ்ளோ சின்ன காருல நானும் சேந்துதான்... புரியுது. நாத்தம் முழுசா போவணும். துணிய நனச்சி சீட்டு, கண்ணாடி எல்லாம் தொடச்சி... பாட்டில தூர எடுத்துட்டுப் போயி... எவ்ளோ நேரம்? இருவது நிமிஷமா?...

அதுவரைக்கும் நீ வெச்சிடு. வேல இருக்குமே... லைன்லயே இருக்கியா? ஏன்?... நான் பத்திக்கினா லேப்புதான் சொல்லிக் குடுத்துச்சின்னு பேரு வரும்னா. கரெக்டு. அதுக்குத்தான். எனக்கும் அதான் தோணுச்சி.

...

தொடச்சிட்டேன். பாட்டில் கொல்லையில. மாரி, சீட்டுக்குப் பின்னாடி இருக்கற பிளாஸ்டிக்கு வெளுத்துப் போச்சி, என் கை அச்சு அஞ்சு வெரலும் அப்படியே விழுந்திருக்குது. அப்புறம் கண்ணாடியில செவப்பா கோடு கோடா இருந்துச்சே, அதுல ரெண்டு பிளேடுல போயிடுச்சி... பனி போவறதுக்கா? அய்யோ, நான் அத டிசைன்னு நெனச்சேன். பரவால்ல, நம்மூரு வெயிலுக்கு அது இன்னா வேலைக்கி ஆவுது...

ம்?... எப்படி ஒட்டுனேன்னு வரிசையா சொல்லணுமா? எதுக்கு?... சரி, சொல்றேன். மொதல்ல உன் பேரு எழுத்தெல்லாம் உரிச்சிட்டு கண்ணாடிய தொடச்சேன், எண்ணப் பிசுக்கு இல்லாம. அப்புறம் ஒரு கோட்டிங். காய உட்டேன். ரெண்டாவது கோட்டிங். திரும்பக் காய உட்டேன்...

எவ்ளோ நேரமா? இருவது நிமிஷம். மொபைல்ல டைமர் வெச்சி. ஒண்ணொண்ணுக்கும் இருவது. அப்புறம் அம்மாவோட இஸ்திரிப் பெட்டிய வெச்சி லைட்டா சூடு காட்டி, ஒவ்வொரு எழுத்தையும் கட்ட வெரலால அமுக்கி... ஆமா. கம்பெனி பேஸ்டிங் புத்தகத்துல எப்படி இருக்குதோ அப்படியே.

...

அந்த ஷூ லாட்டுக்கு எவ்ளோ நேரம் காய உட்டேனா?

அது இப்ப எதுக்கு மாரி...

இல்ல. சொல்றேன். கேக்கறது நியாயம்தான். கிறிஸ்டினா பக்கத்துல இருக்குதா?... இருக்கட்டும். கேக்கட்டும்.

அஞ்சு நிமிஷம். ஆயிரத்தி எரநூறு ஜோடிக்கும் அஞ்சு நிமிஷம்தான் காய உட்டேன். கன்டெய்னர் கேட்டுல வந்து நிக்குது, மானேஜர் சுந்தரமூர்த்தி சாரு கண்ணாடி ரூமுலேர்ந்து எட்டி எட்டிப் பாக்கறாரு, நான் பெரிய சூரன்னு காட்டணும். கன்வேயர் ஸ்பீட ஏத்திட்டேன்... ஆமா, நான்தான் ஏத்துனேன். ஆளுங்க சொன்னாங்க, அண்ணா கை வெச்சா ஒட்டுதுன்னு. வாய மூடுங்கடான்னேன்...

நீ மிஷின்ல மாட்டி இழுத்தப்ப சோலு வாழப்பழத் தோலாட்டம் வந்துச்சி. பெயில்னு எழுதுன. சரியாத்தான் எழுதுன. எனக்கு அன்னிக்கே தெரியும். தெரிஞ்சிக்கினுதான் மிஷினு சரியில்ல, டெஸ்ட்டு பண்ற முற சரியில்லன்னு உன் மேல புகாரு எழுதிக் குடுத்தேன்...

மீட்டிங்ல சொன்னதா? அதயும் என் வாயால கேக்கணுமா?... ம். ‘முத்துமாரி எங்க வூட்டுக்கு வரப் போற பொண்ணுதான் சார், நான் சொன்னா கையெழுத்துப் போட்டுடும்’னு சொன்னேன். பதினாலு பேரு ஒக்காந்திருந்தாங்க. அதுல நாலு பேரு சிரிச்சாங்க. எனக்குப் பெருமையா இருந்துச்சி. அதான் எனக்கே இப்ப நெனச்சா கூசுது, அந்தப் பெருமைதான். மறுநாள் நீ மோதிரத்த கவர்ல போட்டு, ரிப்போர்ட்டு கூட சேத்து பின் பண்ணி அனுப்புன. பெயில்னு ஒரே எழுத்து ரெண்டுக்கும்...

இல்ல, இரு, முடிச்சிடறேன். யாரோ ஒரு பொண்ணு பேர கண்ணாடியில ஒட்ட நாப்பது நிமிஷம் பொறுமையா ஒக்காந்தேன். கம்பெனியில எனக்கு சோறு போடற ஷூவுக்கு அஞ்சு நிமிஷம் இல்ல எனக்கு. ஒழுங்கா ஒட்டத் தெரியாதவன்னா கூட மன்னிச்சிடலாம். தெரிஞ்சவன்... யாரோ ஒரு பொண்ணு இல்ல, தப்பா சொல்லிட்டேன். அப்ப நீ... சரி.

...

அழல. கிளீனரு கண்ணுல... ஆமா, கிளீனருதான் மாரி, எழுதிக்கோ.

...

அம்மா, இரும்மா. லேப்புல பேசிக்கினு இருக்கேன்... ஸ்டிக்கர் எடுக்கறத பத்திதான்... இன்னும் கொஞ்ச நேரம்... நீ போயி ஒக்காரு.

மாரி, இருக்கியா?... அம்மாதான். பட்டுப் பொடவ கட்டிக்கினு பழத் தட்டோட வாசல்ல நிக்குது...

இல்ல. போவ மாட்டேன். திருப்பத்தூருக்குப் போவல நான்... உனக்காக இல்ல, நீ அப்படி நெனச்சிக்காத. நீ போன்னுதான சொல்ற. ஆனா அந்தப் பொண்ணு இன்னா பாவம் பண்ணுச்சி? காபித் தட்ட எடுத்துக்கினு வந்து நிக்கும், நான் இங்க மனசுல பெயில் ரிப்போர்ட்டோட ஒக்காந்திருப்பேன். அதுவும் அவசரத்துல ஒட்டுற வேலதான். இரு.

அம்மா... அம்மா, இங்க வா. இன்னிக்கி போவல... வண்டிக்கு ஒண்ணும் இல்ல, எனக்குத்தான். இந்த சம்பந்தத்தக் கொண்டாந்த மாமா கிட்ட நானே பேசறேன், அவங்க வூட்டுக்கு நானே போன் பண்ணி மன்னிப்பு கேக்கறேன்... இல்லம்மா, உடம்புக்கு இல்ல... ஆமா, முத்துமாரி கூடத்தான் பேசிக்கினு இருக்கேன்...

போயிடுச்சி. தட்ட கார் பானெட்டு மேல வெச்சிட்டு உள்ள போயிடுச்சி. திட்டியிருந்தா நல்லாருந்திருக்கும். ஒண்ணும் சொல்லாம போவுது.

...

நாத்தம் போச்சி. மூக்க உள்ள உட்டுப் பாத்துட்டேன், சுத்தமா இல்ல... ஆனா மாரி, இப்ப எதுக்கு எடுக்கணும்? திருப்பத்தூருதான் போவலயே. கவரப் போட்டு திரும்ப மூடிடறேன். அது பாட்டுக்கு இருக்கட்டும்...

ம்...

ம்...

இரு, நானே திரும்பச் சொல்றேன், சரியான்னு பாரு. உன் பேரு. உன்னக் கேக்காம கண்ணாடியில ஒட்டுனேன். உன்னக் கேக்காம மீட்டிங்ல எடுத்து உட்டேன். இப்ப எடுக்கறதா வெக்கறதான்னும் நானே முடிவு பண்றேன்... ஆமா. மூணும் ஒண்ணுதான். எனக்கு இது இத்தினி நாளா உறைக்கல. கன்டெய்னர், மானேஜர், வாய்க்கொழுப்புன்னு கணக்கு போட்டுக்கினு இருந்தேன். இத நெனக்கவே இல்ல...

எடுத்துடறேன். முழுசா. நீ சொல்லு, நான் செய்யறேன்.

டிரையர் போட்டுட்டேன், கேக்குதா?... வெளிப்பக்கமா? கண்ணாடிக்கு வெளிய நின்னு சூடு காட்டணும். ஒரே எடத்துல புடிக்காம ஆட்டிக்கினே... ஒரு சாண் தள்ளி... பச்சத் தண்ணி ஊத்தக் கூடாது, வெடிச்சிடும்... கண்ணாடி மட்டும்தானா, நானுமா?... சரி, வேலையப் பாக்கறேன்.

சூடாயிடுச்சி. உள்ள வந்துட்டேன். பிளேடு வேணாம், பழைய ஏ.டி.எம். கார்டு. ‘மு’லேர்ந்து... ஓரத்துலேர்ந்து, கார்ட சாச்சிப் படுக்க வெச்சி... தள்ளக் கூடாது, இழுக்கணும், மெதுவா... வருது. மாரி, வருது. இழுவையா, சவ்வு மாதிரி வருது... அவசரப்படல. அவசரப்பட மாட்டேன். திரும்ப சூடு காட்டறேன், இரு.

...

‘த்’ வந்துடுச்சி... ‘து’வும். மிச்சம் பிசுபிசுன்னு நிக்கறத கிரேப்பு ரப்பர்ல தேக்கவா? ஷூவுல பசை வழிஞ்சா தேப்போமே... கண்ணாடிக்கும் அதேதானா? பாரு, பேண்டு பாக்கெட்லயே ஒரு துண்டு இருக்குது. இத மொதல்லயே யோசிச்சிருந்தா மண்ணெண்ண, தேங்கா எண்ண, கை அச்சு ஒண்ணும் இல்ல. தெனம் அத வெச்சி தேச்சிக்கினு இருக்கறவன், தன் வூட்டுக்கு வந்தா பிளேட எடுக்கறான் பாரு... உருண்டு உருண்டு வருது. ஆமா. கோடு மேல படாம...

‘மா’. இது கொஞ்சம் பெரிசு.

ம், சொல்லு. கை வேல செய்யுது, காது சும்மாதான் இருக்குது... லெட்டரா? ஆமா, போன்ல சொன்னா காத்தோட போயிடும். எழுதித் தர்றேன். உன் மேல நான் குடுத்த புகாரு பொய்யின்னு. காய உட்ட நேரம், கன்வேயர் ஸ்பீடு, யாரு ஏத்துனா, எல்லாம்... அந்தப் புகாராலதான் உனக்கு வர வேண்டிய லேப் இன்சார்ஜ் பதவிய நிறுத்தி வெச்சிருக்காங்கன்னு தெரியும். தெரிஞ்சிக்கினுதான் கவரப் போட்டு மூடி வெச்சிருந்தேன்...

என்ன பண்ணுவாங்க? சூப்பர்வைசர்லேர்ந்து எறக்கி, திரும்ப பிரஷ்ஷக் கையில குடுப்பாங்க. குடுக்கட்டும். இருவது நிமிஷம் காய உட்டு ஒட்டறேன்... இல்ல, தியாகம்லாம் இல்ல. நீ அப்படி ஒரு வார்த்தய எனக்கு எழுதாத. பட்ட கடன்... கடன் கூட இல்ல. தப்பு. அவ்ளோதான்.

...

மாரி, ஒண்ணு சொல்லிடறேன். டெக்னிகல் இல்ல. கோவப்படாத. இந்தக் கண்ணாடிக்கு பைபாஸ்ல எவன் கிட்ட போயிருந்தாலும் அஞ்சு நிமிஷத்துல எடுத்துக் குடுத்திருப்பான். ரஃபி பாயே எடுப்பாரு. எனக்கு உன் குரல் கேக்கணும்னு இருந்துச்சி. வேற ஒரு பொண்ண பாக்கப் போற நாள்ல. எவ்ளோ கேவலமா இருக்குது பாரு, சொல்லும்போதே தெரியுது...

தெரியுமா? எப்பலேர்ந்து?... டெக்னிகல்னு சொன்னப்பவேவா. சரி.

‘ரி’ மட்டும்தான். சுழி ஒட்டிக்கினு நிக்குது... சூடு காட்டறேன்... வருது... இரு, பேசாத, நான் மூச்சு கூட உடல...

வந்துடுச்சி.

வந்துடுச்சி மாரி. ஒரு துளி இல்ல. தேச்சிட்டேன், தொடச்சிட்டேன். வெரல் வெச்சா வழுக்குது. தெரு முழுக்கத் தெரியுது, அந்தப் பக்கம் தோல் ஏத்துன டேனரி லாரி ஒண்ணு திரும்புது, அது கூடத் தெரியுது... பாஸா? கண்ணால பாக்காம பாஸ் போட மாட்டேங்கறியா... அதுவும் சரிதான்.

...

நாளைக்கா? லேப்புக்கா?... ஒம்போது மணிக்கு. லெட்டரோட. சுந்தரமூர்த்தி சாரு முன்னாடி... வர்றேன். எட்டரைக்கே வந்துடறேன்... இல்ல, ஒம்போதுன்னா ஒம்போது. அவசரம் இல்ல.

மாரி, லெட்டரக் குடுத்துட்டு நான் உடனே கெளம்பிடணுமா, இல்ல...

ஹலோ?

ஹலோ... மாரி?